எட்டு மணி மாத்திரையும் சஷ்டி விரதமும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கந்த சஷ்டியின் கடைசி நாளன்று காலை எட்டு மணிக்கு, மன்னார்குடியில் இருக்கும் என் அம்மாவின் கைபேசி வழக்கம்போல் ஒலித்தது. திரையில் மாத்திரையின் படமும் பெயரும் வந்தன; கீழே பச்சை நிறத்தில் "எடுத்துக்கொண்டேன்" என்றொரு பொத்தான். அம்மா அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்து, ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். அன்று அவருக்கு விரதம். மாலையில் சூரசம்ஹாரம் முடியும்வரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொடமாட்டார். அவர் விழுங்கியதோ கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. பதினொரு மணி வாக்கில் அம்மாவுக்குக் கை நடுங்கி, ரவிக்கை நனையும் அளவுக்கு வேர்த்திருக்கிறது. கோலமாவு வாங்கிக்கொண்டு போக வந்த பக்கத்து வீட்டு அக்கா, திண்ணைத் தூணில் சாய்ந்தபடி சம்பந்தமில்லாமல் எதையோ பேசிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடி மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். அதன் பிறகு குத்திப் பார்த்தபோதே குளூக்கோமீட்டர் 58 என்று காட்டியது. 70க்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை.

அன்று மாலை சென்னையில் என் கைபேசியைத் திறந்து பார்த்தேன். மருந்து நேரத்தை நினைவூட்டும் அந்தச் செயலியில் அம்மாவின் அன்றைய காலைக்கு நேராகப் பச்சை நிறச் சரிக்குறி இருந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்த நாள் என்றே அது பதிந்திருந்தது.

அந்தச் செயலியைத் தேடி எடுத்து, அம்மாவின் கைபேசியில் ஏற்றி, மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, நேரம் குறித்துக் கொடுத்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்றிலிருந்து இன்றுவரை பத்துக்கு மேற்பட்ட உடல்நலச் செயலிகளை அம்மாவோடும், திருச்சியில் இருக்கும் மாமாவோடும் உட்கார்ந்து பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். முதியவர்களுக்கென்று சொல்லி விற்கப்படும் செயலிகளில் பெரும்பாலானவை, முதியவரின் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவதற்காகச் செய்யப்பட்டவை என்பது என் முடிவு. முதியவரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று அவற்றைச் செய்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு 76 வயது. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மருந்துச் சீட்டில் எந்த இடத்திலும் "எட்டு மணி" என்று எழுதியிருக்காது. 1-0-0, 1-0-1, 0-0-1 என்றுதான் இருக்கும். காலை, மதியம், இரவு என்று அதைப் படிக்க நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரியும். அதன் பக்கத்தில் "சா.மு", "சா.பி" என்று சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் மருந்துக்கடைக்காரர் உறையின்மேல் எழுதித் தருவார். அதாவது அந்தச் சீட்டு நாளை அளப்பது சாப்பாட்டைக் கொண்டு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டுக் காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். காப்பியும் அதைத் தொடர்ந்து வரும் சிற்றுண்டியும் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். கால்சியம் மாத்திரை என்றால் தைராய்டு மாத்திரைக்குப் பிறகு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போட்டால்தான் வயிறு ஏற்றுக்கொள்ளும். கிளிமிபிரைடோ சாப்பிட உட்காரும்போது போட வேண்டியது. சாப்பாடு இல்லையென்றால் அதுவும் இல்லை. இவை ஒவ்வொன்றும் அதற்கு முன்னதையும் பின்னதையும் பிடித்துக்கொண்டு நிற்பவை. ஐந்தரைக்கு எழுந்த நாளில் ஒரு கணக்கு, தூக்கம் வராமல் கிடந்து ஏழு மணிக்கு எழுந்த நாளில் வேறு கணக்கு. ஆனால் நான் பார்த்த செயலிகளில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை மணிக்கு?

நானும் எட்டு என்று போட்டேன். அம்மா எட்டேகாலுக்கு இட்லி சாப்பிடுவார் என்பது எனக்குத் தெரியும். அவர் வாழ்ந்துவந்த ஒழுங்கை ஒரு கடிகார எண்ணாக மாற்றியதில் எதை விட்டுவிட்டேன் என்பதுதான் அப்போது தெரியவில்லை. செயலி வருவதற்கு முன்பு ஒவ்வொரு சஷ்டிக்கும், கிருத்திகைக்கும் அம்மா அந்த மாத்திரையைத் தானாகவே நிறுத்தி வந்திருக்கிறார். "போன் அடிச்சுது, நீ வச்சுக் குடுத்தது, போட்டாகணும்னு நினைச்சேன்" என்றார். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒருவர், நான் வைத்துக் கொடுத்தது என்பதற்காகத் தன் அறிவை ஒதுக்கிவைத்தார். அந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

இன்னொரு தொல்லை மாத்திரையின் படம். செயலியில் மஞ்சள் நிற மாத்திரையைப் படம் பிடித்து வைத்திருப்போம். அடுத்த மாதம் கடையில் அந்த நிறுவனத்தின் மருந்து இல்லாமல், அதே மருந்தை வேறு நிறுவனத்தின் அட்டையில் கொடுப்பார்கள், அது வெள்ளையாக இருக்கும். அரசு மருத்துவமனையில் வாங்குபவர்களுக்கு இது அடிக்கடி நடப்பது. பெயரும் மாறி நிறமும் மாறிய மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் இருக்கும் மஞ்சள் மாத்திரையைத் தேடும் முதியவர் இரண்டையும் போட்டுவிடக்கூடும். அடிப்படை மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் காட்டி, நிறுவனப் பெயரைச் சிறிதாகக் கீழே போட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும்.

சஷ்டி நிகழ்ச்சிக்குச் சில வாரங்கள் கழித்து, இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது: ஒலிக்க வேண்டிய நினைவூட்டல் ஒலிக்கவில்லை. இரவு மாத்திரைக்கு ஐந்து நாட்கள் சத்தமே இல்லை. கைபேசி கெட்டுவிட்டது என்று அம்மா நினைத்தார். அம்மா மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். உண்மையில் குற்றம் இருவர்மீதும் இல்லை. மின்கலத்தைச் சேமிப்பதற்காக, திறக்கப்படாமல் கிடக்கும் செயலிகளை உறங்கவைக்கும் ஏற்பாடு 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே இருக்கிறது. பல நிறுவனங்கள் தங்கள் கைபேசிகளில் அதை இன்னும் கடுமையாக்கி வைத்திருக்கின்றன. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14இலிருந்து, கடிகாரம், நாட்காட்டி போன்றவை நீங்கலாக, புதிதாக ஏற்றப்படும் பிற செயலிகளுக்குக் குறித்த நொடியில் ஒலிக்கும் அனுமதி தானாகக் கிடைப்பதும் இல்லை. அமைப்புகளுக்குள் போய் நாம்தான் அதைத் திறந்துவிட வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. ஆகவே பெற்றோரின் கைபேசியில் மருந்து நினைவூட்டும் செயலியை ஏற்றிக் கொடுப்பவர்கள், மின்கலச் சேமிப்பிலிருந்து அதற்கு விலக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு நாட்கள் கூடவே இருந்து அது ஒலிக்கிறதா என்று காதால் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

காது என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வயதாகும்போது முதலில் குறைவது கீச்சென்ற மேல் சுருதிகளைக் கேட்கும் திறன். செயலிகளில் வரும் நினைவூட்டல் ஒலிகளோ பெரும்பாலும் மெல்லிய மணியோசை, கண்ணாடியைத் தட்டினாற்போன்ற சத்தம். அடுக்களையில் குழாய் திறந்திருந்தால் அம்மாவுக்கு அது எட்டவே எட்டாது. கண்ணிலும் இப்படித்தான்: விழிவில்லை மஞ்சள் பூத்துவருவதால் நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகிறது, வெளிர்சாம்பல் எழுத்து வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோகிறது. விரல்களின் கதை இதைவிடச் சிக்கலானது. தொடுதிரை வேலை செய்வது தோலின் ஈரப்பதம் கடத்தும் மிக நுண்ணிய மின்னேற்றத்தால். வயதான தோல் உலர்ந்திருப்பதால் முதல் தொடுதலைத் திரை உணராது. உடனே அம்மா அழுத்திப் பிடிப்பார். நீண்ட அழுத்தத்துக்குக் கைபேசியில் வேறு பொருள் உண்டு, ஏதோ ஒரு பட்டியல் திறந்து, "இதை நீக்கவா?" என்று கேட்கும். லேசாக நடுங்கும் விரல் தொட்டால் அதைத் திரை தள்ளுதலாக எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். தொடும் பொத்தான் குறைந்தது 9 மில்லிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்ற அளவில் ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதைக் கடைப்பிடித்த செயலிகளிலும், எழுத்தைப் பெரிதாக்கியதும் தமிழ்ச் சொற்கள் பொத்தானுக்குள் அடங்காமல் "எடுத்துக்கொ…" என்று பாதியில் அறுந்து நிற்பதைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டேனா, எடுத்துக்கொள்ளவில்லையா? இரண்டு பொத்தான்களும் அருகருகே, இரண்டிலும் அதே ஆறு எழுத்துகள்.

மாமாவின் கதை வேறு. அவருக்கு 71 வயது. மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், கருவிகளைக் கண்டு அஞ்சாதவர். குளூக்கோமீட்டரோடு இணையும் செயலி ஒன்றைத் தாமாகவே ஏற்றிக்கொண்டார். ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, "சுகர் 9.4 வந்திருக்கும்மா, மூணு மாசத்துல இவ்வளவு ஏறியிருக்கு" என்றார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்று அவர் அதை எடுத்துக்கொண்டுவிட்டார். அந்த வாரம் முழுவதும் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, வெயிலில் கூடுதலாக நடந்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது செயலி, லிட்டருக்கு மில்லிமோல் என்ற அளவில் காட்டிக்கொண்டிருந்தது. பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் அளவு அது. நாம் பார்ப்பது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். முதலதை 18ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும், 9.4 என்பது ஏறத்தாழ 169. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு அது, அவருடைய வயதுக்கும் மருந்துக்கும் கலவரப்பட ஒன்றுமில்லை. செயலியை நிறுவும்போது முதல் பக்கத்தில் எந்த அளவு வேண்டும் என்று கேட்டிருந்தால் போதும். நாட்டைப் பார்த்துத் தானே தீர்மானிக்கவும் அதற்கு வழியிருந்தது.

சிவப்பும் பச்சையுமாக எண்களுக்கு நிறம் தீட்டும் பழக்கத்தைப் பற்றியும் எனக்கு வருத்தம் உண்டு. இளவயதினருக்கு ஏழுக்குக் கீழே எச்பிஏ1சி இருக்க வேண்டும் என்று சொல்லும் மருத்துவர்களே, வேறு நோய்களும் சேர்ந்திருக்கும் முதியவர்களுக்கு எட்டுக்குக் கீழே இருந்தால் போதும் என்று தளர்த்திக்கொள்கிறார்கள். காரணம், அந்த வயதில் சர்க்கரை சற்றுக் கூடுவதைவிடத் திடீரென்று தாழ்வதுதான் ஆபத்து. தாழ்ந்தால் தலைசுற்றும், விழுவார்கள், இடுப்பெலும்பு முறியும். செயலி மட்டும் முப்பது வயதுக்காரருக்கும் எழுபத்தாறு வயதுக்காரருக்கும் ஒரே சிவப்புக் கோட்டைப் போடுகிறது. ரத்த அழுத்தத்திலும் இதே குறை. உட்கார்ந்து எடுத்த அளவும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் எடுத்த அளவும் முதியவர்களுக்கு வெவ்வேறாக இருக்கலாம். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். நான் பார்த்தவற்றில் எந்தச் செயலியிலும் "நின்றுகொண்டு எடுத்தது" என்று குறிக்க இடமில்லை. அம்மா தன் நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "நி" என்று போட்டுக்கொள்கிறார்.

கருவியே இல்லாமல் அளந்து சொல்வதாகக் கூறும் செயலிகளைப் பற்றி மட்டும் ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். கைபேசியின் கேமராமீது விரலை வைத்தால் ரத்த அழுத்தம் சொல்லும் என்று அமெரிக்காவில் 2014இல் "இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்" என்ற செயலி விற்பனைக்கு வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 85 பேரிடம் அதைச் சோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு, அப்படி எதுவும் இல்லை என்று அது சொல்லியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்நாட்டின் வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுத்தது. தோலைக் குத்தாமலே சர்க்கரை அளவைச் சொல்வதாக விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி ஒரு கடிகாரத்துக்குக்கூட அது அனுமதி கொடுத்திருக்கவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் அப்படிப்பட்ட கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, அது காட்டும் எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று சொன்னேன். உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் நீங்களும் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மேற்கையில் சுற்றும் பட்டையுடன் கூடிய கருவி வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு எடுக்க வேண்டும். சர்க்கரைக்கு ஒரு சொட்டு ரத்தம் வேண்டும். தோலுக்கடியில் உணரியைப் பொருத்திக்கொள்பவர்களுக்கு மட்டும் வேறு வழி உண்டு.

இனி, சொல்வதற்கு எனக்குக் கடினமான பகுதி. அம்மா மாத்திரை போட்டாரா இல்லையா என்பதை உடனுக்குடன் பிள்ளைகளுக்குத் தெரிவிக்கும் வசதி அந்தச் செயலியில் இருந்தது. அதற்காகத்தான் ஆண்டுச் சந்தாவும் கட்டினேன். அம்மா பத்து நிமிடம் தாமதித்தால் அலுவலகத்தில் என் கைபேசி துடிக்கும், நான் உடனே அழைத்து, "போட்டாச்சாம்மா?" என்பேன். அக்கறையோடுதான் கேட்டேன். ஒரு தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். கைபேசி ஒலித்தது. அம்மா தோசைக் கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கரண்டியை இடக்கைக்கு மாற்றி, முந்தானையில் வலக்கை விரலைத் துடைத்து, பொத்தானை அழுத்திவிட்டுத் தோசையைத் திருப்பினார். மாத்திரை டப்பா அலமாரியில் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்துப் போட அவருக்கு நினைவு வந்தது ஒன்றரை மணி நேரம் கழித்து.

எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். "அமுக்கலேன்னா நீ வேலையை விட்டுட்டு போன் பண்ணுற. உனக்கு எதுக்குச் சிரமம்னு முதல்ல அமுக்கிடறேன், அப்பறம் போட்டுக்கறேன்" என்றார். சில நாட்களில் அந்த "அப்பறம்" வரவில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். நான் எட்டு மாதங்களாகப் பார்த்து நிம்மதியடைந்த பச்சைச் சரிக்குறிகள் எல்லாம் அம்மா எனக்காகப் போட்டவை. தன் உடம்பைத் தானே பார்த்துக்கொண்டு வாழ்ந்த ஒருவரைக் கண்காணிப்புக்குக் கீழே கொண்டுவந்ததும், அந்தக் கண்காணிப்பைச் சமாளிப்பது அவருக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது. அன்றே அந்த வசதியை நிறுத்தினேன். எந்தத் தகவலை யாருக்கு அனுப்பலாம் என்று செயலி என்னிடம் கேட்டது, நான் சம்மதித்தேன். தகவலுக்கு உரியவரிடம் யாருமே கேட்கவில்லை. 2023இல் நிறைவேறிய தனிநபர் எண்ணியல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது; தமிழும் அதில் ஒன்று. அந்த அறிவிப்பு தமிழில் வரும் நாளிலாவது, பிள்ளைகள் படித்துப் பொத்தானை அழுத்தாமல், கைபேசியைப் பெற்றோரின் கையில் கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஓடிபி விஷயத்திலும் இந்தக் கேள்விதான் வேறு வடிவில் வருகிறது. "யார் கேட்டாலும் நம்பரைச் சொல்லக்கூடாது" என்று வங்கியும் காவல்துறையும் நாமும் முதியவர்களின் மனத்தில் பதியவைத்திருக்கிறோம். பணத்தைப் பறிகொடுத்தவர்களின் கதைகளும் ஊருக்குள் இருக்கின்றன. அதன் பிறகு மருந்து வாங்கும் செயலியும் பரிசோதனை முடிவு தரும் செயலியும் அதே ஆறு எண்களைக் கேட்கும்போது அவர்கள் கைபேசியைக் கவிழ்த்துவைத்துவிடுவது முழுக்க நியாயம். அம்மாவின் கணக்குகள் பாதி என் எண்ணில் இருந்தன. அதனால் அவர் தன் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்க வேண்டுமானால் என்னை அழைத்து, எண்ணைக் கேட்டு, அதற்குள் நேரம் முடிந்து, மறுபடி கேட்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அவருடைய எண்ணுக்கு மாற்றியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

கைபேசியால் பயனே இல்லை என்பது என் கருத்தன்று. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே மருத்துவரைப் பார்க்க இசஞ்சீவனி என்ற இலவச அரசுச் சேவை தொடங்கப்பட்டது. மொகாலியில் உள்ள சிடாக் என்ற மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது அது. தொடக்கத்திலேயே அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதற்குச் சில நாட்கள் முன்பு, மார்ச் 25ஆம் தேதி வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், குடும்பத்தில் ஒருவர் நோயாளியின் சார்பில் மருத்துவரிடம் பேசவும் வழி செய்திருக்கின்றன. முழங்கால் வலியால் பேருந்துப் படி ஏறமுடியாத அம்மாவுக்கு, சளி, தோல் அரிப்பு போன்றவற்றுக்குத் திரையில் ஒரு மருத்துவரின் முகத்தைப் பார்ப்பது பெரிய ஆறுதல். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர், அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துத் தன் கைபேசியில் பதிந்துகொள்கிறார். அங்கே கருவியை இயக்குபவர் இளவயதினர். முதியவர் கையை நீட்டினால் போதும். நான் பார்த்ததில் முதியவர்களுக்கு மிகவும் ஒத்துவந்த ஏற்பாடு இதுதான்.

மிக எளிமையான ஒன்றே பலன் தந்திருக்கிறது என்பதற்கு நம் சென்னையிலிருந்தே ஒரு சான்று உண்டு. மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 537 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உணவையும் நடையையும் பற்றிச் சாதாரணக் குறுஞ்செய்திகளை அனுப்பிவந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் செய்தி வராதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், வந்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. 2013இல் வெளியான ஆய்வு இது. அவர்கள் 35 முதல் 55 வயதுக்குட்பட்டவர்கள், முதியவர்கள் அல்லர். ஆனாலும் பொத்தான் கைபேசியில் வந்த சில வரிகள் இவ்வளவு செய்திருக்கின்றன என்றால், வரைபடங்களும் பதக்கங்களும் நிறைந்த செயலிகளை அம்மாமீது சுமத்துவதற்கு முன் நான் யோசித்திருக்க வேண்டும்.

இப்போது அம்மாவின் கைபேசியில் மருந்து நினைவூட்டும் தனிச் செயலி எதுவும் இல்லை. கைபேசியோடு வரும் கடிகாரத்திலேயே மூன்று நேரம் வைத்து, ஒலிக்குப் பதிலாக என் அண்ணனின் குரலைப் பதிவுசெய்து வைத்திருக்கிறோம். கனத்த குரல், குழாய்ச் சத்தத்திலும் கேட்கிறது. "அம்மா, சாப்பிட உட்கார்ந்தாச்சா? உட்கார்ந்திருந்தா மட்டும் வெள்ளை மாத்திரை" என்று அவன் கேட்கிறான். விரதத்தன்று அம்மா "இன்னிக்கு இல்லப்பா" என்று பதில் சொல்லிக்கொண்டே அதை நிறுத்துவதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பூட்டிய திரையிலேயே அவசரத் தகவல் பகுதியைத் திறந்தால் அவருடைய மருந்துகளும், பென்சிலின் ஒவ்வாமையும், எங்கள் எண்களும் தெரியும். மருந்துச் சீட்டின் படம் முதல் பக்கத்தில் இருக்கிறது. மருந்து மாறும்போதெல்லாம் புதுச் சீட்டைப் படம் பிடித்துப் பழையதை நீக்க அவரே கற்றுக்கொண்டார்.

எண்களை அவர் கோடு போட்ட நீள நோட்டில் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாரப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கும் அண்ணனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நாங்கள் கேட்டதில்லை, அவராகத் தொடங்கியது. போன வாரப் பக்கத்தில் வியாழக்கிழமைக்கு நேராக 128/74, அதன் கீழே "நி" போட்டு 112/70. வெள்ளிக்கிழமை இரவுக் கட்டத்தில் எண் எதுவும் இல்லை. நீல மையில், ஆசிரியையின் வட்டமான எழுத்தில், "மறந்துவிட்டேன்" என்று இருந்தது.